இடது பக்கத்துப் பிரேக்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், எல் போர்டு மாட்டிய சின்னக் கார் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் நஸ்லா. இடது பக்கம் வேலுசாமி. ஓட்டப் பழக்கும் காரில் பழக்குபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வேலுசாமியின் கால் அதை விட்டு அசையாது. முன்னால் போன ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியது. அவர் மிதித்தார், கார் நின்றது.

"பாத்தீங்களா, நிப்பாட்டிட்டேன்" என்று நஸ்லா சிரித்தாள். ஹஜ் பெருநாள் லீவுக்குள் லைசன் எடுத்துவிட வேண்டும், குடும்பத்தோடு நுவரெலியா போக வேண்டும் என்று ஏறியதிலிருந்து அதே கதைதான்.

வேலுசாமி மிதித்த காலை மெல்லத் தளர்த்தினார். காரில் ஒரு கீறல் விழுந்தாலும் பழக்குபவனின் சம்பளத்தில் வெட்டு என்பது பிறெடி முதலாளியின் சட்டம். அதனால் பழக வந்தவர்கள் திருப்புவார்கள், கியர் மாற்றுவார்கள், ஹோர்ன் அடிப்பார்கள். நிற்பாட்டுவது மட்டும் வேலுசாமியின் வேலை. லைசன் சோதனை நடக்கும் ட்ரயல் றோட்டில் எந்தக் கம்பத்தடியில் பிரேக்கில் காலை வைக்க வேண்டும் என்று மனப்பாடம் பண்ண வைத்தால் போதும், பாஸ். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர், இறக்கம் என்றால் என்னவென்று தெரியும். ஒரு நாளாவது பழக வரும் பிள்ளைகளை மலைப்பக்கம் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று கேட்டதற்கு, காருக்கு எண்ணெய் உன் அப்பனா அடிப்பான் என்றார் முதலாளி. வேலுசாமி அதையும் விழுங்கிக்கொண்டார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அந்த நேரம் பிறெடி போனில் கூப்பிட்டார். யாரோ ஒரு பெண் வந்து உன்னைப் பார்க்காமல் எழும்ப மாட்டேன் என்கிறாள், வந்து ஏதாவது சொல்லி அனுப்பு என்றார்.

காலி வீதியில் இருந்த பிறெடியின் கந்தோருக்குள் கையில் மாவுக்கட்டுப் போட்ட ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நஸ்லாவைப் பக்கத்துக் கடையில் ஏதும் குடித்துவிட்டு வரச்சொல்லி பிறெடி உடனே அனுப்பிவிட்டார். வந்தவள் துஷ்யந்தி. கொள்ளுப்பிட்டியில் கம்பியூட்டர் கடையில் வேலை செய்த சுமனின் மனைவி. வேலுசாமியிடம் பழகி, மார்ச்சில் லைசன் எடுத்த அதே சுமன். சித்திரை வருஷ லீவுக்கு வாடகை வான் எடுத்துக்கொண்டு நுவரெலியா போயிருக்கிறார்கள். இறங்கி வரும்போது வளைவில் பஸ்ஸோடு மோதி, சுமனும் போனான், மூன்று வயதுப் பிள்ளையும் போனது. லீவில் செத்தவர்கள் இத்தனை பேர் என்று பேப்பர்காரன் ஒரே வரியில் முடித்துவிட்டான். பிறெடிக்கு விஷயம் முன்னமே தெரியும். வேலுசாமிக்கு இப்போதுதான் தெரிய வந்தது.

"வேலண்ணை எண்டது நீங்களோ?"

"நான்தாம்மா."

அவள் அழவில்லை. இடது பக்க முன்சீட்டில் தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததையும், வளைவில் பஸ்ஸைக் கண்டதும் சுமன் றோட்டைப் பார்க்காமல் தன் பக்கம் திரும்பியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"என்னைப் பாத்து 'வேலண்ணை, பிடியுங்கோ' எண்டு கத்தினவர். எங்கட சொந்தத்தில வேலண்ணை எண்டு ஒருத்தரும் இல்லை. விசாரிச்சு விசாரிச்சு வந்தனான். அவர் எதைப் பிடிக்கச் சொன்னவர் அண்ணை? நான் எதைப் பிடிச்சிருந்தா பிள்ளை இப்ப இருந்திருக்கும்?"

பிறெடி குறுக்கே விழுந்தார். எல்லாம் தலையெழுத்து தங்கச்சி, எங்களிடம் பழகியவர்கள் அத்தனை பேரும் முதல் தரத்திலேயே பாஸ், நீங்கள் போய் ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றார். வேலுசாமிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. துஷ்யந்தியை வெளியே கூட்டிப்போய்க் காரின் இடது கதவைத் திறந்து, கீழே தேய்ந்து மினுங்கிய பிரேக்கைக் காட்டினார்.

"இததாம்மா கேட்டிருக்காரு. வாடகை வான்ல இது இருக்காது. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நிப்பாட்டுறதுக்கு அவருக்கு யாருமே பழக்கல. எல்லாத்தையும் நான்தான் மிதிச்சேன். கீறல் விழுந்தா சம்பளத்த வெட்டுவான் இந்த ஆளு, அந்தப் பயத்துல மிதிச்சேன்."

பின்னாலேயே வந்த பிறெடி, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வேலுசாமி அதை வைக்கவில்லை, அவர் காலடியில் எறிந்தார். ஒரு காரைக் காப்பாற்ற எத்தனை பேரைடா கொல்லுவாய் என்று நடுத்தெருவில் நின்று கேட்டார். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

துஷ்யந்தியை வீடு போகக் கிருலப்பனைப் பக்கம் ஆட்டோவில் ஏற்றிவிடலாமென்று, றோட்டைக் கடக்கும் மஞ்சள் கோட்டருகே இருவரும் காத்து நின்றார்கள். எல் போர்டுக் கார் வந்தது. ஸ்டியரிங்கில் நஸ்லா, பக்கத்தில் பிறெடியே ஏறியிருந்தார். காரின் மூக்குச் சடக்கென்று தாழ்ந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. காலை உதைத்து மிதித்ததில் பிறெடியின் முதுகு சீட்டோடு அழுந்திக் கிடந்தது. நஸ்லா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, வேலுசாமியைக் கண்டு பெருமையாகச் சிரித்தாள். நீங்கள் போங்கள் என்று தலையை ஆட்டினாள்.

துஷ்யந்தி றோட்டில் காலை வைக்கவில்லை.