தனசிங் அட்மிட் பண்ணினார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் தாளாக வந்தது. தெலுங்கு நகரம் ஒன்றின் ஓரத்தில், குஷாய்குடாவில் எங்கள் தெருவில் குடியிருக்கும் தனசிங், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேரே வந்து அந்தத் தாளை நீட்டி, "இதுக்கு ஒரு பதில் எழுதித் தரணும் சார்" என்றார். நான் முப்பது வருஷம் ஆபீஸ் கடிதங்கள் எழுதி ஓய்வுபெற்றவன், கதையும் எழுதுவேன். பதிலை எழுதினேன். இதையும் எழுதுகிறேன். இரண்டில் எது மோசம் என்பதை…

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நாச்சாரத்தின் வானத்தில் புகை கவிந்திருந்த ஒரு காலை…' அடித்துவிட்டேன். தனசிங் வானத்தைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் இல்லை.

தனசிங்குக்கு நாற்பத்தொன்பது வயது. சொந்த ஊர் தெற்கே நாசரேத். நாச்சாரத்தில் தகடு அடிக்கும் சின்ன ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மெஷின்மேல் எழுதியிருக்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர் ஷ்யாமின் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தனசிங் அவனை ஆட்டோவில் ஏற்றி, நசுங்கிய கையைத் துண்டால் சுற்றித் தன் மடியில் வைத்துப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவன் ஆபரேஷனுக்குள் போன பிறகு, கறை படிந்த சட்டையோடு ஃபேக்டரிக்குத் திரும்பினார். மேனேஜர் வெங்கட்ரமணன் டைப் அடித்த ஒரு தாளை மேஜையில் நகர்த்தினார்.

"ஆஸ்பத்திரி விஷயம்தான் தனசிங். ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாள் 'ஐ அட்மிட்' என்று தொடங்கியது. அட்மிட் அவருக்குப் பழகிய வார்த்தை. மனைவி ஜெயசுந்தரியைப் பிரசவத்துக்கு அட்மிட் பண்ணியிருக்கிறார். மகள் மரியாவை ஸ்கூலில் அட்மிட் பண்ணியிருக்கிறார். இப்போது ஷ்யாமை அட்மிட் பண்ணிவிட்டு வந்து நிற்கிறார். அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தார். கையெழுத்துப் போட்டார்.

(மீதி வரிகளைப் படிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "சட்டையெல்லாம் அவன் ரத்தம் சார்" என்றார். இதைவிட நல்ல காரணம் ஒன்றை நான் அவருக்குப் புனைந்து கொடுத்திருக்கலாம். மனம் வரவில்லை.)

3

பத்து நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது, விசாரணைக்கு வா. கூடவே அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல். டிகிரி இரண்டாம் வருஷம் படிக்கும் மரியா அதை வாங்கிப் படித்தாள்.

"டாடி, இதுல ஏன் சைன் பண்ணீங்க? கைக்கு?" இந்த ஊர் இந்தியில் 'கைக்கு' என்றால் ஏன்.

"நாந்தானம்மா அவன அட்மிட் பண்ணேன்."

"அந்த அட்மிட் இல்ல டாடி. இது வேற மீனிங். தப்பு செஞ்சேன்னு ஒத்துக்கறது." அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள்: 'பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பை என் சொந்த முடிவில் கழற்றினேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.'

ஜெயசுந்தரி ஈரக்கையோடு வந்து நின்றாள். "அர்த்தம் தெரியாமப் போட்டேன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான." பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க கழட்டலல்லா?"

தனசிங் மரியாவிடமிருந்து தாளை வாங்கி மடித்தார்.

"கழட்டுனேன். தடுப்பு இருந்தா வேலை மெதுவாப் போகுது, எடுத்துருங்கன்னு மேனேஜர் சாருதான் சொன்னாரு. நாலு போல்ட்டையும் நாந்தான் கழட்டுனேன்."

வார்த்தையின் ஒரு அர்த்தம் தெரியாமல்தான் கையெழுத்துப் போட்டார். தெரிந்துகொண்டபோது, அதில் பாதி உண்மையாக இருந்தது.

4

இந்த இடத்தில் சுப்பிரமணியம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்திருந்தேன். அவர் தனசிங்குக்கு யோசனை சொல்வார்: "மறுத்துடுங்க. வார்த்தை புரியலைன்னு எழுதுங்க. தடுப்பை ஷ்யாமே கழட்டியிருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துக்குங்க. அவனுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையாமே."

சுப்பிரமணியம் எனக்குக் கடைசிவரை உயிரோடு எழவில்லை. சர்க்கரை வியாதி கொடுத்துப் பார்த்தேன். வெற்றிலைப் பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். எப்படி எழுவார்? அப்படி ஒருவர் இல்லை. அந்த யோசனையைச் சொன்னது நான். அந்த வரியோடு கடிதத்தை டைப் அடித்ததும் நான். பிழையே இல்லாத ஆங்கிலம்.

தனசிங் அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஷ்யாம் பேரு எதுக்கு சார்?"

"உங்களைக் காப்பாத்தத்தான்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நன்றி சொல்லவில்லை.

5

அங்கிருந்து நேரே லோத்குண்டாவுக்குப் பஸ் ஏறினார். ஷ்யாம் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பையன் என்பது தனசிங்கின் வார்த்தை, அவனுக்கு முப்பத்தொன்று. இடது கையால் ஸ்பூன் பிடித்து உப்புமா சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சாஹித்யா டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஷ்யாம், அந்தத் தடுப்பக் கழட்டுனது நாந்தான்டே."

"ஹவ் அண்ணா." அது இந்த ஊர் 'ஆமாம்'. "தெரியும். ஸ்பேனர் எடுத்துக் குடுத்ததே நான்தானே."

"ஞாபகமே இல்லன்னு சொல்லியிருக்கியே?"

"ஆட்டோல என் கைய விடாமப் புடிச்சுட்டு வந்தீங்க. நீங்கதான் அழுதீங்க, நான் கூட அழல. உங்க பேர எப்படிண்ணா சொல்றது?"

(இங்கே தனசிங் உடைந்து போனதாக ஐந்து வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். டீயைக் கடைசிவரை குடித்ததாகத்தான் அவர் என்னிடம் சொன்னார்.)

"விசாரணையில நடந்தத நடந்தபடி சொல்லு. என் பேரச் சொல்லு. சாரு சொன்னதையும் கேட்டேல்லா?"

"கேட்டேன். ஆனா அவரு சொல்லவேயில்லம்பாரு அண்ணா."

"சொல்லிட்டுப் போறாரு. நாம சொல்லணும்லா."

என் கடிதத்தை அவர் வெளியே எடுக்கவேயில்லை.

6

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். ஷ்யாம் முதலில் பேசினான். வெங்கட்ரமணன், தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார். பிறகு வக்கீல் தனசிங் பக்கம் திரும்பினார்.

"டூ யூ அட்மிட்? எஸ் ஆர் நோ?"

தனசிங் எழுந்து நின்றார். பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்த ஆங்கிலம் அவ்வளவும் வாயில் வந்தது: "ஐ அட்மிட் சார். ஐ ரிமூவ். மேனேஜர் சார் டெல். ஷ்யாம் நோ மிஸ்டேக்."

வக்கீல் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். தனசிங் பேனாவைத் தொடவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். தெரியாத வார்த்தையில் நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று கேட்டார். மேனேஜர் சொன்ன வரி அதில் இல்லை. எழுதச் சொன்னார். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதினார். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிஷம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

7

முடிவு கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை. நான் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் தனசிங்குக்கு வேலை போகிறது. இன்னொன்றில் மேனேஜருக்கு. இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டு, "ரெண்டுலயும் அவனுக்கு வெரல் இல்லயே சார்" என்றார்.

அதோடு நான் பேனாவை மூடிவிட்டேன். இனி முடிவு உங்களுடையது. தனசிங்கை வீட்டுக்கு அனுப்பலாம், வேலையில் வைத்துக்கொள்ளலாம், மேனேஜரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எழுதி முடித்ததும் ஒருமுறை தனசிங்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொஞ்சம் நேரம் ஆகும். ஒவ்வொரு வார்த்தையாகப் படிப்பார்.