தொண்டை நனையாமல்

மூன்றாவது கரண்டிப் பாலும் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. சுரேஷ் தோளில் கிடந்த துண்டால் அப்பாவின் தாடையைத் துடைத்தான். முதல் இரண்டு கரண்டியும் அப்படித்தான் போயிருந்தன.

"இன்னொரு கரண்டி ஊத்து கண்ணு," என்றாள் அம்மா வேலாத்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"எறங்கலைங்கம்மா."

"எறங்காட்டிப் போச்சாது. ஊத்து."

ஊற்றினான். நெஞ்சுக்குள் கரகரவென்று ஒரு சத்தம் வந்து நின்றது. அடுத்தது வரும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சந்தில் பனியன் தைக்கும் பவர் டேபிள் மெஷின் ஓடி ஓடி நிற்பது கேட்டது. நெஞ்சில் அடுத்த சத்தம் வரவில்லை. மணி ஒன்பதரை.

வேலுமணி மாஸ்டர் செத்துப்போனார்.

சுரேஷுக்கு முதலில் பசிதான் வந்தது. சூடாக நான்கு இட்லி தின்ன வேண்டும் போலிருந்தது. அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் நெம்பிக் குழாயை உருவிக்கொண்டிருந்தாள். பதினொரு மாதமாக அந்தக் குழாய் வழியாகத்தான் அவர் சாப்பிட்டார். உருவி முடித்ததும் அதை ஒரு கேரி பேக்கில் போட்டுக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"ராமருக்குப் போன் போடு. டீம் ஆளுகளுக்கு அவன் சொல்லிக்குவான்," என்றாள். பிறகு, "ராபினுக்கு?" என்றாள்.

சுரேஷ் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனான்.

மாஸ்டர் ஒரு பனியன் கம்பெனியில் துணி குடோன் இன்சார்ஜ். கம்பெனி கபடி டீமுக்குக் கோச். ஆட வந்த பையன்களுக்கு டெய்லராகவோ செக்கிங்கிலோ வேலை வாங்கிக் கொடுத்தார். அதனால் அவர்கள் ராத்திரியும் பகலும் அவருக்குச் சொந்தம். ரெய்டு வந்தவனைப் பிடி தவறி விட்டால் பிரம்பு. எதிர்த்துப் பேசினால் ஆட்டத்துக்கு நடுவிலேயே கூட்டத்துக்கு முன்னால் அறை. கேப்டனான சுரேஷுக்கு இரண்டு அறை, மகன் என்பதால்.

அடி பரவாயில்லை. எடைதான் கொடுமை. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் அறுபது கிலோ மேட்ச், அதற்கு மேல் இருந்தால் இறங்க முடியாது. மேட்ச் அன்று காலையில் துணி ரோல் எடை போடும் மேடைத் தராசில் ஒவ்வொருவனாக ஏற்றுவார். கூட இருந்தால் பேக்கிங் பாலிதீனை உடம்பில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பனியனைப் போட்டு சாயம் போடும் டையிங் யூனிட் பாய்லர் ரூமில் ஓட விடுவார். வேர்த்துக் கொட்டும். தண்ணி கேட்டால் கொப்பளிக்க மட்டும் தருவார்.

"வாய் நனையலாம்டா. தொண்டை நனையக்கூடாது."

கொப்பளிக்கிறவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொள்வார். குரல்வளை மேலே ஏறி இறங்கினால் முழுங்கிவிட்டான் என்று அர்த்தம். அப்புறம் பிரம்பு.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு டாக்டர் வந்தார். வாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "முழுங்கறது போயிருச்சு. வாயால தண்ணி குடுத்தீங்கன்னா நுரையீரலுக்குப் போயிரும். பஞ்சுல வாய மட்டும் நனைங்க." சுரேஷ் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அழுகிறான் என்று நினைத்து ஒரு ஆயா தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

மாஸ்டருக்குப் பேச்சு பாதி போய்விட்டது. மிச்சம் இருந்ததில் 'தண்ணி' மட்டும் தெளிவாக வரும். காலையில் கேட்பார், மத்தியானம் கேட்பார். சுரேஷ் பஞ்சை நனைத்து உதட்டில் தடவுவான். "டாக்டர் கூடாதுன்னுட்டாருங்கப்பா." சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் குரல் அவருடைய குரல் மாதிரியே இருந்தது. டாக்டருக்காகச் சொல்கிறானா வேறு எதற்காகவாவது சொல்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. பதினொரு மாதமும் தெரியவில்லை.

போன மாதம் ஒருநாள் அவர் இவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கோணிய வாயால் வெகு நேரம் போராடி ஒரு விஷயம் சொன்னார். "ஏழு பேரும். தூக்கோணும். ராபின். முன்னால."

அம்மா அதை மன்னிப்பு என்றாள். சுரேஷுக்கு அப்படித் தோன்றவில்லை. டீமை இறக்குகிறார், அவ்வளவுதான்.

மாடிப்படியில் உட்கார்ந்து ராபினின் நம்பரைப் போட்டான். நம்பர் ராமர் கொடுத்தது. அவன் டீமை விட்டுப் போன ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"யாரு?"

"நாந்தான்டா. சுரேஷ்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு, "போயிட்டாரா?"

"ஒம்பதரைக்கு."

"ம்."

"ராபின்... ஏழு பேரும் வரோணும், நீ முன்னால புடிக்கோணும்னு சொன்னாரு."

"அவரு சொன்னாரு, சரி. நீ என்னல சொல்லுத?"

சுரேஷ் எதிர்ச்சுவரைப் பார்த்தான். அவர் சொன்னதை இன்னொருவனிடம் கொண்டுபோய்ச் சொல்வதுதான் அவன் இத்தனை வருஷமும் செய்தது. கேப்டன் என்றால் அதுதான்.

"நீ வர வேண்டாம்டா," என்றான்.

மூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எல, அவருக்கு ரொம்ப முடியலன்னு ராமர் சொன்னதுல இருந்து இந்தப் போனுக்குப் பயந்துட்டே கெடந்தேன், பாத்துக்க. வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. இப்பமும் அவரு பேரச் சொன்னா காலு தானா எந்திரிச்சு நிக்கி."

"இப்ப நிக்கறயா?"

"ஆமா."

"உக்காருடா."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "உக்காந்தாச்சு," என்றான் ராபின். "எடுத்ததுக்கு அப்புறமா வாரேன். சோறு போடுவியள்லா?"

"போடுவோம்."

கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "ராபின வர வேண்டாம்னுட்டேன்," என்றான். அவள் புதுவேட்டியை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவதை நிறுத்தாமல், "நல்லதாப் போச்சு," என்றாள்.

பதினொரு மணிக்குள் வீட்டுச் சந்து நிறைந்துவிட்டது. பழைய டீம் ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். ராமர் இப்போது கம்பெனி வேன் ஓட்டுகிறான். ராஜ்கமல் லேபர் கான்ட்ராக்ட் எடுத்து, கழுத்தில் செயினும் முன்னால் தொப்பையுமாக இருந்தான். இரண்டு பேருக்கும் தேனிப் பக்கம். ஷாமியானாவுக்குக் கீழே ஐம்பது நாற்காலி போட்டிருந்தது. அந்த ஐந்து பேர் மட்டும் உட்காரவில்லை. வாசலுக்கு நேராகக் கையைப் பின்னால் கட்டி, வரிசையாக நின்றார்கள்.

"சேர் இருக்குதுங்களே, உக்காருங்க," என்றார் ஷாமியானாக்காரர்.

"இருக்கட்டும்ணே," என்றான் ராமர். கண்ணாடிப் பெட்டிக்குள் மாஸ்டரின் முகம் அவர்களைப் பார்த்தபடி இருந்தது.

"மாஸ்டர் அடிச்ச அடிதான்டா மாப்ள என்னைய மனுசனாக்குச்சு," என்றான் ராஜ்கமல் சுரேஷிடம். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தன் தொப்பையைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினான். "இப்ப என்னையத் தராசுல ஏத்தியிருந்தாருன்னா?"

"தராசு செத்துருக்கும்," என்றான் ராமர், வாயை அசைக்காமல்.

ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். தோள்கள் குலுங்கின. பார்த்த பெண்கள் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சுரேஷ் தீச்சட்டியோடு முன்னால் நின்றான். பாடையின் பின் இரண்டு மூலைக்கும் வலது முன் மூலைக்கும் டீம் ஆட்கள் போனார்கள். இடது முன் மூலைக்கு யாரும் போகவில்லை. முன்னால் ராபின் என்று மாஸ்டர் சொல்லியிருந்தது அம்மா மூலம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சந்தில் வாடகைக்கு இருக்கும் வடக்கத்தி ஆள் ஒருவர், ஒடிசாவோ பீகாரோ, சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். காலியாக இருந்த மூலையைப் பார்த்தார். வந்து தோளைக் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை.

தூக்கியதும் ராமர் திடுக்கிட்டான். கனம் இருக்கும் என்று நினைத்து மூச்சை இழுத்திருந்தான். "நாப்பது தேறாதுடா," என்றான் மெதுவாக.

"எந்த வெயிட்லயும் எறங்கலாம்," என்றான் பின்னாலிருந்து ராஜ்கமல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஐந்தரை. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டில் வெளியே வந்து சுவரில் செங்குத்தாகச் சாய்ந்திருந்தது. ஷாமியானாவுக்குக் கீழே டீம் ஆட்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் காலை நீட்டி விழுந்து கிடந்தார்கள்.

ராபின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது, உடம்பு இளைத்திருந்தது. மடியில் ஒரு அரை லிட்டர் பாட்டில். அதில் பேனாவால் மூன்று கோடு போட்டிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், குன்னத்தூர் மேட்ச் அன்று காலையில் அவன் ஒரு கிலோ இருநூறு கூட இருந்தான். பாலிதீன் சுற்றி டேப் ஒட்டியது சுரேஷ். பாய்லர் ரூம் வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றதும் சுரேஷ்தான். ராபின் மூன்று தடவை கேட்டான். 'ஒரு மொடக்குல. சும்மா ஒரு மொடக்கு.' சுரேஷ் திரும்பிப் பார்த்தான். தராசுக்குப் பக்கத்தில் நின்ற மாஸ்டர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அப்புறம் ராபின் விழுந்தான். மாஸ்டர்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். அன்று சாயங்காலம் ஆறு பேரோடு ஆடி ஜெயித்தார்கள். ராபினுக்குக் கிட்னி கெட்டுப்போனது. மாஸ்டர் ஆஸ்பத்திரிப் பக்கம் அதற்குமேல் போகவில்லை, யாரையும் போகவும் விடவில்லை.

வேலாத்தாள் ஒரு சொம்பு தண்ணீரும் இரண்டு இலையும் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டில் சமைத்த சோறும் பருப்பும் பெஞ்சில் இருந்தன. சுரேஷ் சொம்பை வாங்கி ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினான். இன்னொரு வாய் ஊற்றினான். அதையும் துப்பினான்.

"இன்னும் துப்புதியால?" என்றான் ராபின்.

"பழக்கம்."

"நமக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டரு. கோடு போட்டுக் குடிக்கேன். அது அவரு குடுத்த பழக்கம்." ராபின் பாட்டிலை ஆட்டிப் பார்த்தான். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. "கடைசில தண்ணி கேட்டாராம்லா? ராமர் சொன்னான்."

"தெனமும் கேட்டாரு."

"குடுத்தியா?"

"இல்ல."

ராபின் தலையை ஆட்டினான். "அன்னைக்கும் நீதான். இன்னைக்கும் நீதான்."

சுரேஷ் சொம்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டர் சொன்னாருடா," என்றான். "நான் டாக்டருக்காகத்தான் சொன்னேனான்னு..."

"நான் குடுத்தேன்," என்றாள் வேலாத்தாள்.

இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நேத்து மத்தியானம். நீ மருந்து வாங்கப் போயிருந்தே. பாவமாட்டக் கேட்டாரு. தலையத் தூக்கிப் புடிச்சு ஒரு டம்ளர் நெறையக் குடுத்தேன். பானைத் தண்ணி." சோற்றுக் கரண்டியை எடுத்தாள். "முழுங்குனாரு. நல்லாவே முழுங்குனாரு. இன்னொரு டம்ளர் கேட்டாரு, அதையும் குடுத்தேன்."

நேற்றுச் சாயங்காலத்திலிருந்துதான் நெஞ்சில் அந்தக் கரகரப்பு. சுரேஷ் அம்மாவைப் பார்த்தான். அவள் சோற்றை இலையில் கொட்டிக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். ராபினும் பார்த்தான். ஒரு டீம் ஆள் கொட்டாவி விட்டான். ராஜ்கமல் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான்.

"தின்னுங்க சாமி. சோறு ஆறுது," என்றாள் வேலாத்தாள்.

சுரேஷ் சொம்பைத் தூக்கி ஒரு வாய் ஊற்றினான். கன்னத்தில் நிறுத்தினான். கண் தானாகக் கட்டில் இருந்த பக்கம் போனது. சுவரில் சாய்ந்திருந்த கட்டிலின் நாடாவுக்கு நடுவே சாயங்கால வெளிச்சம் தெரிந்தது.

ராபின் எழுந்து வந்தான். வலது கையின் இரண்டு விரலை அவன் கழுத்தில் வைத்தான். விரல் சில்லென்றிருந்தது.

"முழுங்குல, பாப்போம்."

விரலுக்குக் கீழே குரல்வளை மேலே ஏறியது. இறங்கியது. ராபின் கையை எடுக்கவில்லை. சுரேஷ் அடுத்த வாய் ஊற்றினான். அதற்கடுத்த வாயும். கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. சொம்பு காலியாகும் வரை குடித்தான்.

வேலாத்தாள் கையை நீட்டிச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு மோந்தாரட்டுமா?" என்றாள்.