கோதண்டம் யோசித்துக்கொண்டிருக்கிறார்

எங்கள் பயிற்சி மையத்தை மூட முடியவில்லை. உள்ளே கோதண்டம் இருக்கிறார்.

பதினேழு வருஷமாக இருக்கிறார். கேமரா முன்னால், நீல நாற்காலியில், சட்டைக் காலரில் மைக்கோடு. அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தோம். விட்டுக்கொண்டிருக்கிறார்.

நானும் எஸ்தரும் சேர்ந்து நடத்திய மையம் அது. கோடம்பாக்கத்தில் ஒரு காம்ப்ளெக்ஸின் இரண்டாம் மாடி. பத்திரிகைக்காரர்களிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று கம்பெனிக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். எஸ்தர் நிருபர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பாள். நான் பதில் சொல்லப் பழக்குவேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன் எஸ்தர் இறந்துவிட்டாள். முதலில் வெறும் இருமல்தான் வந்தது.

எங்கள் பாடத்தில் மூன்றே விதிகள். கேள்வி வந்ததும் மூன்று நொடி பொறு. 'இல்லை' என்று சொல்லாதே. மைக் குத்தியபிறகு யார் எதைக் கேட்டாலும் அது கேள்விதான். மூன்றாவது, எஸ்தர் போட்ட விதி. அதில் அவள் ரொம்பக் கண்டிப்பு.

கோதண்டம் ஒரு ஹோட்டலுக்கு மேலாளர். அவர்கள் சாம்பாரில் பல்லி கிடந்ததாகப் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. மறுநாள் நிருபர்கள் வருவதாக இருந்தது. மனிதர் பதறியடித்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார். விதிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் டீ வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது எஸ்தர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"யோசிக்கிறார்டி வசு. தொந்தரவு பண்ணாத."

எவ்வளவு நல்ல மாணவர் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் வாரம் அவர் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். மகள் கல்யாணத்தை எங்கள் அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். கோதண்டம் நாற்காலியில் இருந்தபடியே பெண்ணைத் தாரை வார்த்துக்கொடுத்தார். புகையில் லென்ஸ் மங்கிவிடும் என்று ஐயரிடம் சொல்லி ஓமத்தை மட்டும் சீக்கிரம் முடிக்கச் சொன்னோம்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கம்போல இரண்டு பார்சல் இட்லி வாங்கினேன். ஒன்றைச் சாப்பிட்டேன். இன்னொன்றை எஸ்தர் மேஜையில் வைத்தேன். பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன்.

'இன்று மாலை ஐந்து மணிக்குள் நிறுவனத்தை முறைப்படி மூடாவிட்டால், அது முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியதாகக் கருதப்படும்.'

முதல் நாள் என்றால் பெயர்ப்பலகை மாட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் ஆள் வரும்வரை நாலு மாசம் ஈ ஓட்ட வேண்டும். எனக்கு அறுபத்தொரு வயது. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. இனிமேல் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெம்பு கிடையாது.

மூடல் அலுவலகம் எங்கள் மாடியிலேயே, நடைபாதையின் அந்தக் கோடியில் இருக்கிறது. நாங்கள் குடிவந்த புதிதில் பன்னிரண்டு எட்டு வைத்தால் போய்விடலாம். நடைபாதை வருஷா வருஷம் நீண்டுகொண்டே வருகிறது. இப்போது ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

"மூடல் ஆபீஸ் போவுமாப்பா?"

"ஏறுங்கம்மா. ஜெராக்ஸ் கடை சுத்தித்தான் போவும். நேர் ரூட்ல பள்ளம் தோண்டி வச்சிருக்கான்."

இரண்டாம் மாடியில் பள்ளம் தோண்டினால் முதல் மாடியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேள்வி கேட்பது எஸ்தர் வேலை.

பக்கத்தில் ஒரு அம்மாள் ஜன்னல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. என் புடவையில் சாரல் அடித்தது.

"கொஞ்சம் சாத்திக்கக்கூடாதாம்மா?" என்றேன்.

"சாத்துனா புழுங்குது," என்றார்.

போய்ச் சேர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. கவுன்ட்டரில் தணிகைவேல் இருந்தார். எங்களிடம் பதினாலாவது பேட்ச்சில் படித்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு உயிர் வந்தது. தெரிந்த பிள்ளை, கை கொடுப்பான் என்று நினைத்தேன்.

"தணிகைவேல், இன்னிக்கே மூடணும்பா. முடியுமா?"

மூன்று நொடி பொறுத்தார்.

"நல்ல கேள்வி மேடம். ஆனா நாம முக்கியமா பார்க்க வேண்டியது, மூடுறவங்களோட நலன்."

"முடியுமா, முடியாதா?"

மூன்று நொடி.

"முடியாதுன்னு யாரும் சொல்லலையே மேடம்."

"அட, இல்லைன்னாவது சொல்லித் தொலையேன்ப்பா!"

"இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதான மேடம் சொல்லிக்குடுத்தீங்க."

முதுகு நேராக இருந்தது. கை மேஜைமேல் சும்மா இருந்தது. கண் ஒருமுறைகூட அலையவில்லை. பாவி, நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். இரண்டே வரி. ஒன்று, கடைசி மாணவர் பயிற்சி முடித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, உரிமையாளர் கேமரா முன்னால் 'மூடுகிறேன்' என்று சொல்ல வேண்டும்.

"ரெண்டாவதுக்கு நானே வந்து பதிவு பண்ணிக்கிறேன் மேடம். நாலு அம்பதுக்கு வரேன்."

கிளம்பினேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"மூடலைன்னா முதல் நாள்லேருந்துன்னு போட்டிருக்கே. அப்போ எல்லாரும் திரும்ப வருவாங்களா?"

"யாரைக் கேக்கறீங்க மேடம்?"

"எஸ்தரை."

இந்த முறை மூன்று நொடியில் முடியவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தரிடம் அவரும் திட்டு வாங்கியவர்தான்.

"நல்ல கேள்வி மேடம்," என்றார்.

எஸ்தர் வந்தால் இருமலும் கூடவே வரும். இருபது வருஷம் கழித்து மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே பெஞ்சு, அதே ஃபிளாஸ்க். ஒருமுறை தாங்கினதே பெரும்பாடு. இன்னொரு முறை என்னால் முடியாது. மூடிவிட வேண்டும். ஷேர் ஆட்டோவில் திரும்புகிறவரை இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் கதவுக்குப் பக்கத்து ஆணியில் கிருபாகரன் தொங்கிக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பதினைந்து வருஷமாக எங்களுக்குப் பக்கத்து அறை. போன பொங்கலுக்குத் தினசரி காலண்டராக ஆகிவிட்டார். தினமும் காலையில் அவர் மனைவி வந்து தாளைக் கிழித்துவிட்டுப் போவார்.

"மேடம், மணி மூணு. ராகுகாலம் ஆரம்பிச்சாச்சு," என்றார்.

"எப்போ முடியும்?"

"நாலரை."

"எனக்கு அஞ்சு மணிக்குள்ள மூடணும் கிருபா. கொஞ்சம் முன்னப்பின்ன பார்க்கக்கூடாதா?"

"நான் என்ன பண்ணட்டும் மேடம்? அச்சடிச்சாச்சே."

கோதண்டம் ராகுகாலத்தில் மூச்சைக்கூடச் சத்தமாக விடமாட்டார். இருந்தாலும் உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மைக் மட்டும் அன்றைக்கு எஸ்தர் குத்தின இடத்திலேயே இருந்தது.

"கோதண்டம் சார், ஏதாவது சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. உளறுங்க சார்!"

இருபத்திரண்டு வருஷத்தில் நான் யாரையும் உளறச் சொன்னதில்லை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பல்லி எப்படி விழுந்துதுன்னுதான கேட்டா எஸ்தர்? தெரியாதுன்னு சொல்லிட்டு எழுந்திரிங்களேன்."

அவர் புருவம் லேசாக மேலே போனது. எனக்குத் திக்கென்றது. பதினேழு வருஷமாக எஸ்தர் கேட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது அவள் கேட்ட கேள்வியே இல்லை.

அப்படியென்றால் என்ன கேள்வி? கேட்டவளைப் போய்க் கேட்கவும் முடியாது. பீரோவைத் திறந்தேன். பழைய டேப்புகளை எல்லாம் தரையில் கொட்டினேன். எஸ்தர் கையெழுத்தில் 'கோதண்டம்' என்று போட்ட டேப் அடியில் கிடந்தது. அவள் போனபிறகு அவள் குரல் இருக்கிற எதையும் நான் போட்டுப் பார்த்ததில்லை. இதைப் போட்டேன்.

திரையில் கறுப்பு முடியோடு கோதண்டம் வந்தார். எஸ்தர் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"மைக் டெஸ்ட் பண்ணிக்கலாம் சார். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டேப் முழுக்க நிசப்தம்.

ஐயோ கடவுளே. சத்தம் சரியாகப் பதிகிறதா என்று பார்ப்பதற்காக எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் கேட்கிற கேள்வி அது. பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. பாவம், அவர் எஸ்தர் விதியை நம்பிவிட்டார். எஸ்தரும் தன் விதியை மறந்துவிட்டாள்.

நான் டேப்பை நிறுத்தவில்லை. நிசப்தத்துக்கு நடுவில் ஒரு தடவை எஸ்தர் இருமினாள். சின்ன இருமல். அப்போதே இருந்திருக்கிறது. நான் டீ வாங்கப் போயிருந்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். கோதண்டம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நாலரை மேடம்!" என்று வெளியிலிருந்து கிருபாகரன் குரல் கொடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"கோதண்டம் சார். அது கேள்வி இல்ல. வெறும் மைக் டெஸ்ட்."

அவர் வாயைத் திறந்தார். பூட்டிக்கிடந்த வீட்டுக் குழாய் மாதிரி முதலில் காற்றுதான் வந்தது.

"அப்படியா மேடம்?" என்றார். "நான் பயந்துட்டேன். எங்க ஹோட்டல்ல சாப்பிட்டேன்னா, உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையான்னு கேப்பாங்க. சாப்பிடலைன்னா, மேனேஜருக்கே பயமான்னு கேப்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் மாட்டுது."

"என்னதான் சார் சாப்பிட்டீங்க?"

மூன்று நொடி.

"பழைய சோறு மேடம். வீட்ல."

"தொட்டுக்க?"

"சின்ன வெங்காயம்."

படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். மைக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி என் கையில் வைத்தார். எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"வரேன் மேடம். நாளைக்கு நிருபருங்க வராங்க. கொஞ்சம் தயார் பண்ணிக்கணும்."

அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நான் சொல்லவில்லை. நன்றாகப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் போய் ஷேர் ஆட்டோவில் ஏறினார். அதில் ஜன்னல்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

சரியாக நாலு ஐம்பதுக்குத் தணிகைவேல் வந்தார். கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நீல நாற்காலியைக் காட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. கோதண்டத்தின் சூடு இன்னும் ஆறாமல் இருந்தது. லைட்டைப் போட்டதும் எனக்கு அறையே தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இப்படித்தான் இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் மாணவர்களிடம் இன்னும் கொஞ்சம் தன்மையாக நடந்துகொண்டிருப்பேன்.

என் புடவைத் தலைப்பில் மைக்கைக் குத்தினார்.

"மூடுகிறேன்னு ஒரு வார்த்தை போதும் மேடம்."

"தெரியும்பா. சீக்கிரம்."

எஸ்தர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த இட்லிப் பொட்டலத்தைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மணி நாலு ஐம்பத்தாறு.

"மைக் டெஸ்ட் பண்ணிக்கலாம் மேடம். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

இது கேள்வி இல்லை. அது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. இட்லி என்றால் முடிந்தது. அடுத்து 'மூடுகிறேன்' என்றால் அதுவும் முடிந்தது. வீட்டுக்குப் போய் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கலாம்.

ஆனால் இட்லி என்றால் எத்தனை பார்சல் என்று கேட்பார். ஒன்று என்றால், மேஜைமேல் இருப்பது என்ன என்று கேட்பார். இரண்டு என்றால், இன்னொன்று யாருக்கு என்று கேட்பார்.

மூன்று நொடி பொறுத்தேன். அப்புறம் இன்னொரு மூன்று நொடி. தணிகைவேல் அவசரப்படுத்தவில்லை. நல்ல மாணவர்.

"மேடம், மணி அஞ்சாகப்போவுது," என்று வெளியே கிருபாகரன் கத்தினார்.

நடைபாதையில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ இறங்கினார்கள். செருப்புச் சத்தம் எங்கள் கதவுவரை வந்து நின்றது. ஒரு சின்ன இருமல் கேட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.