ஒரே வரிக் கோப்பு

நிரல் ஓடத் தொடங்கி எழுபத்தோரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊழியர் பெயர்க் கோப்பு மூடப்படும். அதில் பெயர் இல்லாதவர்கள் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒருநாளும் வேலை பார்த்தவர்கள் இல்லை என்று ஆகிவிடும். இதில் புதுமை ஒன்றுமில்லை. வேலைக்குச் சேரும்போதே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நிரலைச் செய்தவள் கயற்கண்ணி. அவள் அதை எழுதவில்லை, வரைந்தாள். திரையில் பெட்டிகளை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தாள். திரும்பத் திரும்ப நடக்க வேண்டியதைச் சுற்றி ஒரு சாம்பல் நிறச் சட்டம் போட்டாள். மணிக்கொரு முறை அது ஒருவர் பெயரைக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஊழியர்கள் பதினெட்டுப் பேர். கோப்பில் இருந்ததோ ஒரே பெயர். யார் பெயர் என்பது மட்டும் மணிக்கு மணி மாறியது.

காரணம் அவளுக்கு இரண்டாம் மணியிலேயே தெரிந்துவிட்டது. சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறகு, இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயமாக இருந்தது.

கம்பிகள் மூன்றாம் மணியிலேயே திரையை விட்டு இறங்கி நடைவழியில் ஓடின. ஆரஞ்சுக் கம்பியில் எண்கள் போயின, இளஞ்சிவப்பில் பெயர்கள். மணிக்கொரு கதவாக நடைவழி நீண்டது. கழிப்பறை இப்போது அறுபத்தெட்டுக் கதவு தள்ளிப் போயிருந்தது.

கோப்பு மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது கேன்டீன் துரைப்பாண்டி டீ கொண்டுவந்தான். கயற்கண்ணியோடு வேலை பார்க்கும் பரிமளம் அக்கா கை நீட்டினாள்.

“கோப்புல பேர் இல்லீங்களே.”

“பன்னெண்டு வருஷமா நீதானய்யா எனக்கு ஊத்துற?”

“யாருக்கு?” என்றான். கிண்டல் இல்லை. குரல் வந்த பக்கம் உண்மையாகவே தேடினான்.

அக்கா உட்காரப் போனாள். நாற்காலி ஒதுங்கிக்கொண்டது. அவளுடைய இடது கை ஏற்கெனவே சுவரின் நிறத்தில் இருந்தது.

“ஏண்டி கயலு, இப்ப யாரு பேரு இருக்கு?”

“என் பேருதான் அக்கா.”

“அடுத்தது?”

“அவ்வளவுதான். இதுதான் கடைசி.”

“அப்ப நீ பொழச்ச.” அக்கா சிரித்தாள். “என் டிபன் பாக்ஸை மட்டும் வீட்டுல குடுத்துரு. யாரோடதுன்னு கேட்டா, தெரியலன்னு சொல்லிரு.”

கயற்கண்ணி திரைக்கு நடந்தாள். நிரலை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ‘நிறுத்துவதற்கான காரணத்தை உரக்கச் சொல்லவும்’ என்று வந்தது.

“கோளாறு,” என்றாள்.

‘போதாது.’

மற்ற பதினேழு பேரும் பின்னால் வந்து நின்றார்கள். நாற்காலிகளும் திரும்பிக்கொண்டன. துரைப்பாண்டி அவளிடம் மட்டும் டம்ளரை நீட்டினான். சர்க்கரை சரியாக இருக்கும் என்று தெரிந்தது. அவள் வாங்கவில்லை. கோப்பு மூட இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

“கோப்பைத் திறக்குற பெட்டி அந்தச் சாம்பல் சட்டத்துக்கு வெளிய இருக்கணும்,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “உள்ள இருந்தா, ஒவ்வொரு மணிக்கும் பழைய கோப்பைப் பேரோட அழிச்சிட்டுப் புதுசு தொறக்கும். உள்ள வச்சது நான்தான்.”