அஞ்சு மாடி கேட்ட கேள்வி

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் தராசக்கா அந்த அறைக்குள் இருந்தார். அவருக்கு முன்னால் போய் வந்த யாருமே பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

எங்களுடையது பெயின்ட் தொழிற்சாலை. அக்கா சாயப்பொடிகளை நிறுத்துக் கொடுப்பார்; அதனால் அந்தப் பெயர். கலந்து வரும் பெயின்டை அட்டையில் தடவி, மாதிரியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை.

புதிதாக வந்த மனிதவள அதிகாரி முதல் நாளே பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து ஐந்தாகப் பிரித்தார். அடியில் சோறு, தண்ணீர். அதற்கு மேல் பாதுகாப்பு. பிறகு உறவு, மரியாதை. உச்சியில் மனநிறைவு. மனிதனின் தேவை இப்படித்தான் படிப்படியாக ஏறுமாம். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்தால் ஊக்கத்தைத் தூண்டிவிடலாமாம்.

“லிஃப்ட் இருக்கா சார்?” என்றார் மெஷின் அண்ணன். பெயின்ட் கலக்கும் மெஷின் அவருடையது. அன்றே அதிகாரிக்கு அஞ்சு மாடி என்று பெயர் விழுந்தது.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அதனாலேயே யாரும் நம்பவில்லை. ஒண்ணும் வேணாம் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்கள்.

எனக்கு வேறொரு பயம். போன மாதம் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு இன்னொரு கம்பெனிக்கு இண்டர்வியூ போனேன். அந்த வேலை கிடைக்கவில்லை. விஷயம் தராசக்காவுக்கு மட்டும் தெரியும். என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசியில் முடிவு செய்யப்போவது அஞ்சு மாடிதான்.

அக்கா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“என்னக்கா, இவ்வளவு நேரம்?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

என் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் அறிவிப்பு வந்தது. அக்காவுக்கு இனி இரவு ஷிஃப்ட் கிடையாது. பல வருடமாகக் கேட்டும் கிடைக்காதது.

“சும்மா பேசினதுக்குச் சும்மா குடுப்பாங்களா?” என்றார் மெஷின் அண்ணன். “யாரையோ போட்டுக் குடுத்திருக்கு. அழுத மூஞ்சியப் பாத்தீங்கல்ல?”

மதியம் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். தினமும் செய்வதுதான். அன்று அது சமாதானம் பேசுவதுபோல் பட்டது. பசியில்லை என்றேன்.

மறுநாள் என் முறை.

“வேலை புடிச்சிருக்கா?” என்றார் அஞ்சு மாடி.

“புடிச்சிருக்கு சார்.”

“இங்கேயே இருக்கணும்னு நினைக்கிறீங்களா? இல்ல, வேற ஏதும் யோசனை இருக்கா?”

தெரிந்துகொண்டே கேட்கிறார். மறைத்தால் பொய்க்காரி என்றும் ஆகிவிடும்.

“அக்கா சொன்னது உண்மைதான் சார். இண்டர்வியூ போனது தப்புதான். ஆனா பொய் லீவு அந்த ஒரு நாள் மட்டும்தான்.”

அவர் பேனா நின்றது.

“எந்த இண்டர்வியூ?”

சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் என் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். “நிரந்தரம் பத்தி அப்புறம் பாக்கலாம்” என்றார்.

நேராகத் தராசு அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தார்.

“அட லூசே! உன் பேச்சையே நான் எடுக்கலடி. எடுப்பேனா?”

“அப்போ அவ்வளவு நேரம் என்னதான்க்கா பேசுனீங்க?”

அக்கா கதவைப் பார்த்தார். மெஷின் அண்ணன் அங்கே நின்றிருந்தார். அக்கா என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தவில்லை.

“ஒரு வார்த்த பேசலடி. குளுகுளுன்னு ரூம், மெத்துமெத்துன்னு நாற்காலி. என்ன வேணும்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்லலாம்னு கண்ண மூடினேன். தூங்கிட்டேன்.”