சத்தமில்லாமல் இருநூற்றுப் பதினேழு

மூன்றாவது படத்திலும் பாப்பா கண்ணை மூடிவிட்டாள். கண்ணை மட்டும் மூடினால் குடி ஒன்றும் முழுகிவிடாது, இன்னொரு தடவை அமுக்கினால் போயிற்று. ஆனால் இவளுக்குக் கண் மூடும்போதெல்லாம் இடது வாய்க்கோடி வெடுக்கென்று மேலே ஏறிக்கொள்கிறது. யாரையோ பார்த்து ஏளனமாக இளிப்பதுபோல் ஆகிவிடுகிறது முகம். கேமராவின் பின்பக்கத் திரையில் அதைப் பார்த்ததும் அக்கா சட்டென்று அழித்தாள். பதினெட்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்து அடையாள அட்டைப் படம் எடுக்கிறவள்; அழிப்பதில் அவள் கட்டைவிரலை மிஞ்ச ஆள் கிடையாது.

"அழிச்சிட்டியா?" என்றாள் பாப்பா, ஸ்டூலில் இருந்தபடியே.

"லைட் சரியா விழல."

"லைட்டு மேல பழி போடாதக்கா."

பாப்பா என்றால் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்திரண்டு, வேதியியல் டீச்சர். கடைக்குட்டியாகப் பிறந்த பாவத்துக்கு இன்னும் பாப்பா. திங்கட்கிழமை புதுப் பள்ளியில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் படம் கேட்டிருந்தார்கள். அட்டைக்குச் சின்னதாக ஒன்று, வாசல் பலகையில் மாட்டப் பெரிதாக ஒன்று. கையில் இருந்த பழைய படத்தை அனுப்பிப் பார்த்தாள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததுதான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அது முகவாதம் வருவதற்கு முந்தைய முகம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் தானாக ஒரு பக்கம் வழிந்தது. அவ்வளவுதான் ஆரம்பம். மாத்திரை, கண்ணாடிமுன் பயிற்சி என்று எட்டு மாதத்தில் முகம் திரும்பி வந்தது. வந்ததென்னவோ வந்தது, ஆனால் மறுபடி வளர்ந்த நரம்பு வழிதவறி, கண்ணுக்குப் போக வேண்டியதில் ஒரு கிளையை வாய்க்கும் விட்டுவிட்டது. நேரில் பேசுகிறவர்கள் கவனிப்பதுகூட இல்லை. படத்தில்தான் அந்த இழுப்பு அப்படியே உறைந்து நிற்கும். அன்றிலிருந்து பாப்பா ஒரு படத்துக்கும் முகம் கொடுத்ததில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்றால், எடுக்கிறவர் பக்கமாக நழுவிவந்து "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டிருப்பாள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று அக்காவுக்குக் குடைந்தது. அவள் சுபாவமே அது; ஒன்று பிடிபடாவிட்டால் சோறு இறங்காது. பாப்பாவை அப்படியே உட்கார வைத்து, பொத்தானை அமுக்காமல், மனசுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தாள். விரல் பொத்தானுக்குப் போனதும் பாப்பாவின் இமை துடித்தது. விரலை எடுத்தாள், இமை அடங்கியது. அடடே! இமையை மூட வைப்பது கேமராவின் "டடக்" இல்லை, டடக் எப்போது வரும் என்ற காத்திருப்பு. அப்படியானால் சத்தமே இல்லாத கேமரா ஒன்று இருந்தால்?

இருந்தது. கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் இரண்டு வருஷமாக அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தன நாளைக்குமா இந்தப் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவ கட்டிக்கிட்டு அழப்போற? ஊரே மிரர்லெஸ்ஸுக்கு மாறிடுச்சு." அவள் ஒவ்வொரு தடவையும் "இது சாகட்டுண்ணே, அப்புறம் பாக்கலாம்" என்பாள். அதுவும் சாகிற வழியாக இல்லை. பிடிமானத்தின் ரப்பர் பிய்ந்து, பசைபோட்டு ஒட்டி, அதுவும் பிய்ந்து, இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. அன்று மாலையே அண்ணனுக்குப் போன் போட்டாள். உள்ளே கண்ணாடி எழுந்து விழாத, சத்தமே இல்லாமலும் எடுக்கக்கூடிய மிரர்லெஸ் கேமரா அவரிடம் இரண்டு இருந்தன, ஒன்றை விற்கும் யோசனையும் இருந்தது. "ஞாயித்துக்கிழம வரைக்கும் வெச்சு ஓட்டிப் பாரு. பிடிச்சா உன்னுது, பிடிக்கலன்னா என்னுது" என்று கொடுத்தனுப்பினார்.

சும்மா சொல்லக்கூடாது, கையில் எடுத்ததுமே அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. இவ்வளவு லேசா! கண்ணை வைத்தால் உள்ளே குட்டி டிவி. வெளிச்சத்தைக் கூட்டினால் அங்கேயே கூடுகிறது, குறைத்தால் அங்கேயே குறைகிறது. முகத்தை அதுவே தேடி, கண்ணில் ஒரு சின்னச் சதுரத்தைக் கொண்டுபோய் ஒட்டுகிறது. ஓசையில்லா நிலைக்கு மாற்றி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தையல்கடையின் பின்சுவரை, தெருவில் போன நாயை, தன் செருப்பை என்று கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினாள். அந்த நிலையில் ஸ்டூடியோவின் ஃபிளாஷ் விளக்குகள் மட்டும் இதோடு சேர்ந்து வேலை செய்யாது என்று தெரிந்தது. போகட்டும், ஜன்னல் வெளிச்சம் போதும்.

வியாழக்கிழமை மதியம் பாப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கல. இது புதுசு, செட்டிங் பாத்துட்டிருக்கேன். நீ பாட்டுக்குப் பேசு" என்றாள்.

அது பொய். வாயில் செட்டிங் என்று இருந்தபோதே விரல் அமுக்கத் தொடங்கிவிட்டது. பாப்பா பழைய பள்ளியில் ஆய்வகக் குழாயை எவனோ திறந்துவிட்டு, தலைமையாசிரியர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்த கதையைச் சொன்னாள். சிரித்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். சத்தம் இல்லாததால் எடுத்ததா இல்லையா என்று அக்காவுக்கே சந்தேகம் வந்து, மறுபடி மறுபடி அமுக்கினாள். மூன்று படம் எடுக்க வந்தவள், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், இருநூற்றுப் பதினேழு.

பாதிக்கு மேல் வாய் இழுத்திருந்தது. அக்காவின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் துடித்தது, ஆனாலும் ஒன்றையும் அழிக்கவில்லை. நூற்று நாற்பதாவது படத்தில் நின்றுவிட்டாள். கண் இரண்டும் திறந்து, வாய் நேராக, லேசான சிரிப்பு. முகவாதம் வந்த சுவடே இல்லை. பழைய பாப்பா அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்துக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறோம் என்று அக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பாப்பா, இங்க வாயேன்! இதப் பாரேன்!"

பாப்பா வந்து பார்த்தாள். பிறகு சுட்டியைத் தன் கைக்கு வாங்கி, ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். அக்கா எதிர்பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் வரவில்லை.

"இதெல்லாம் எப்ப எடுத்த?"

"நீ பேசிட்டிருந்தப்ப."

"ஆரம்பிக்கலன்னு சொன்ன."

"சொன்னா நீ கண்ண மூடிடுவ. அதான்... நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லாத்தான் வந்திருக்கு." பாப்பா சுட்டியை வைத்தாள். "அன்னிக்குக் காலையில என் மூஞ்சி என்னைக் கேக்காமத்தான் கோணிச்சு. நீயும் கேக்கல."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நல்லதுக்குத்தானே செய்தோம் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. இரண்டு வருஷமாகத் தங்கையின் முகத்தைத் தான் எப்படிப் பார்த்துவந்திருக்கிறோம், எதைத் தேடித் தேடி எதைத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று யோசிக்க வெட்கமாக இருந்தது. ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் முன், அந்த நூற்று நாற்பதாவது படத்தை அச்சுக்கும் அனுப்பாமல், பள்ளிக்கும் அனுப்பாமல் கம்ப்யூட்டரை அணைத்தாள். படம் இல்லாமல் போனால் திங்கட்கிழமை பாப்பா என்ன செய்வாள் என்ற கவலை ஒரு பக்கம் அரித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டூடியோவைத் திறக்க வந்தால், வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். தலை வாரி, இஸ்திரி போட்ட உடுப்போடு.

"உன் டப்பாவ எடு" என்றாள்.

"எத?"

"பழச. சத்தம் போடுமே, அத. எப்ப எடுக்கறன்னு எனக்குத் தெரியணும்."

"கண்ண மூடிடுவியேடி."

"மூடினா மூடறேன். என் மூஞ்சிதானே."

அக்கா பழைய கேமராவை எடுத்தாள். விளக்குகளைப் போட்டாள், ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மேசையில் இருந்த மிரர்லெஸ்ஸைப் பாப்பா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத வாங்கப்போறியா?"

"வாங்குவேன். எப்பன்னுதான் தெரியல. அண்ணன் ஞாயித்துக்கிழம கேப்பாரு."

"தூங்கற கொழந்தைங்கள எடுக்க வெச்சுக்கோ. எங்கிட்ட வேணாம்."

"நேத்து நான் செஞ்சது தப்பு பாப்பா."

"தெரியும். எண்ணு."

அக்கா கேமராவில் கண்ணை வைத்தாள். பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். ஒன்று. இமை துடித்தது. இரண்டு. வாய்க்கோடி அசையப் பார்த்து நின்றது. மூன்று என்றபோது டடக் என்று உள்ளேயிருந்த கண்ணாடி மேலே எழுந்து வழியை அடைத்தது, அக்காவின் கண்ணுக்கு வெறும் இருட்டு. பதினெட்டு வருஷமாக, படம் விழும் அந்தத் துளி நேரத்தில் யாருடைய முகத்தையும் தான் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் திரும்பியதும் பாப்பா ஸ்டூலைவிட்டு எழுந்தாள்.

அக்கா கேமராவைத் திருப்பினாள். கட்டைவிரல் திரைக்குப் பக்கத்தில் போவதற்குள் பாப்பா ஓடிவந்து தன் உள்ளங்கையால் அதை மூடிவிட்டாள்.

"இரு. மொதல்ல நான் பாக்கறேன்."

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். மூடிய விரல்களின் இடுக்குகளில் திரையின் வெளிச்சம் இளஞ்சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. பாப்பா குனிந்து, சுண்டுவிரலை மட்டும் முதலில் தூக்கினாள்.