ஏழு மணி வரை கண் பார்க்கப்படும்

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சுலக்ஷனா முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றாள். ஹட்டன் டவுனில் மகாலிங்கத்தின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள்தான்; பில் போடுவது கேதீஸ்வரி.

"சேர், இனிமே நான் பத்து மணிக்கு வந்து ஏழு மணி வரைக்கும் இருக்கவா?"

காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். மாமியார் பேச்சியம்மா காலையில் கொட்டகலையில் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வீடு வர ஒன்பது தாண்டிவிடும். புருஷன் கிஷாந்த் அந்த நேரத்தில் ஆட்டோவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுவான். அதுவரை கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை.

மகாலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். கெட்டவர் இல்லை. ஆனால் ஐந்து மணியானால் பூட்டைக் கையில் எடுத்துவிடுவார்.

"அஞ்சு மணிக்குப் பிறகு ஆர் பிள்ளை வருவினம்? உமக்குக் கஷ்டமெண்டால் ஒரு வருசம் வீட்டில நிண்டு குழந்தையைப் பாருமன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"வேலைய விட வரலீங்க சேர், நேரத்த மாத்தத்தான் கேக்குறேன். தேயிலைத் தோட்டத்து ஆளுங்க பறிச்ச கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு டவுனுக்கு வர்றப்போ நம்ம கடை பூட்டியிருக்கு. அரைநாள் சம்பளம் போயிடும்னு கண்ணு காட்டாமலே இருக்காங்க. ஒரு மாசம் பாருங்க. சரிவரலைன்னா பழைய நேரத்துக்கே வந்துடுறேன்."

அவர் தாடையைத் தடவினார். "சரி. ஒரு மாசம்தான்."

முதல் வாரம் முழுக்க மழை. இருட்டிய தெருவில் அந்தக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது, ஒருவரும் ஏறவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் துடைத்த கண்ணாடியையே எடுத்து மறுபடி துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கிச் செய்தி சொன்னாள். கிஷாந்த் ஆட்டோவின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான்: ஏழு மணி வரை கண் பார்க்கப்படும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொழுந்துக்காரிகள் ஒரு கூட்டமாகவே வந்து இறங்கினார்கள். சோதனைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் கடைசி வரியை வாசித்த நாகலெட்சுமி, கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்றாள்.

"மகன் போன்ல எழுதி அனுப்புறத இனி நானே வாசிச்சிக்குவேன், தங்கச்சி."

அடுத்தடுத்த நாட்களில் உட்கார இடம் போதவில்லை. மகாலிங்கமே பின்னறையிலிருந்து ஸ்டூல்களைத் தூக்கிவந்து போட்டார்.

மாதம் முடிந்த அன்று போர்டு எழுதுகிறவர் ஏணியோடு வந்து நின்றார்.

"நேரத்தை என்னெண்டு போடுறது பிள்ளை?" என்று கேட்டார் மகாலிங்கம்.

"காலையில எட்டரை, சாயங்காலம் ஏழு. ஆனா சேர், நான் பத்துக்குத்தான் வருவேன்."

அவர் சிரித்துவிட்டார். "தெரியும். கேதீஸ்வரிக்குப் பின்னேரம் வெள்ளன வீட்ட போகோணும். காலமை அவ வந்து திறந்துபோட்டு நேரத்தோட போகட்டும்."

கேதீஸ்வரி, இத்தனை நாள் வாய் திறந்து கேட்காததைக் கேட்காமலே பெற்றுவிட்டு, சுலக்ஷனாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

வாசலில் கிஷாந்தின் ஆட்டோ வந்து நின்றது. "ஏறலியா?"

"எறங்குங்க," என்றாள் சுலக்ஷனா. "போர்டுக்காரரு ஏழு போட்டு முடிக்கட்டும். பாத்துட்டுப் போவோம்."